நாள் பொய்த்த மறுநாள்: சான்றும் சமய நம்பிக்கையும்

1. கேள்வி கேட்கப்படும் விதம்

எதிரான சான்று கண்முன் வந்து நின்ற பிறகும் மனிதர்கள் சமய நம்பிக்கையை ஏன் விடுவதில்லை? பகுத்தறிவு மேடைகளில் இக்கேள்விக்கு நெடுங்காலமாக இரண்டு பதில்கள் புழங்கிவருகின்றன. ஒன்று அறியாமை, மற்றது அச்சம். இருபதாம் நூற்றாண்டின் உளவியலாளர்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: ஏமாந்துபோனதை ஒப்புக்கொள்ள மனம் கூசுகிறது, அதனால் முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. மூன்று பதில்களுமே இரண்டு செய்திகளை ஆராயாமல் ஏற்றுக்கொள்கின்றன. நம்பியவர்களில் பெரும்பாலோர் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது முதலாவது. அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பது பழைய நம்பிக்கையைத்தான் என்பது இரண்டாவது.

இவற்றைச் சோதிப்பது எளிதல்ல. பெரும்பாலான சமயக் கூற்றுகள் நாள் குறித்துப் பேசுவதில்லை. மறுபிறவி உண்டு, வினை தொடரும், இறைவன் கேட்கிறான் என்பன போன்ற கூற்றுகளை இன்ன நாளில் பொய்த்தன என்று யாரும் சுட்ட முடியாது. ஆகவே, நாள் குறித்து, ஊரறிய அறிவித்து, அந்த நாள் வந்து வெறுமனே கடந்துபோன ஒரு நிகழ்வு நமக்கு வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கடிதங்களும் பத்திரிகைகளும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1844 அக்டோபர் 22ஆம் நாள் நடந்தது, அல்லது நடக்காமற்போனது, அப்படிப்பட்ட நிகழ்வு. சமய வரலாற்றில் அதற்குப் ‘பெரும் ஏமாற்றம்’ என்றே பெயர்.

அந்த நிகழ்வையும், அதைச் சுற்றி எழுந்த உளவியல் விளக்கங்களையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் பணி. சான்றுக்கு முன்னால் தனிமனித மனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் காட்டிலும், நாள் பொய்த்த மறுநாள் காலையில் ஒருவருக்குப் போக எந்த இடம் இருந்தது என்பதே அவருடைய நம்பிக்கையின் கதியைப் பெரிதும் தீர்மானித்தது என்பது என் வாதம்.

2. ஒரு விவசாயியின் கணக்கு

வில்லியம் மில்லர் (1782–1849) நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனில் நிலம் வைத்திருந்த விவசாயி. இளமையில், படைத்தபின் உலகில் தலையிடாத கடவுளை மட்டும் ஏற்கும் பகுத்தறிவுச் சிந்தனையில் தோய்ந்திருந்தார். 1814இல் பிளாட்ஸ்பர்க் போரில் பிரிட்டிஷ் படைக்கு எதிராக நின்றார். எண்ணிக்கையில் மிகுந்த எதிரியை அங்கே வென்றது அவருடைய மனத்தை அசைத்தது. பின்னர் பாப்டிஸ்டு சபைக்குத் திரும்பினார். அப்போது பழைய நண்பர்கள் விவிலியத்தின் முரண்பாடுகளைச் சுட்டிக் கேலி செய்தார்கள். அந்த முரண்பாடுகளைத் தீர்த்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, 1816 முதல் இரண்டு ஆண்டுகள் விவிலியத்தையும் ஒரு சொல்லடைவையும் மட்டும் வைத்துக்கொண்டு வசனம் வசனமாகப் படித்தார்.

அப்படிப் படித்ததில் பிறந்த கணக்கு இது. தானியேல் புத்தகத்தின் எட்டாம் அதிகாரம், 2300 நாட்கள் கழிந்தபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்கிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு. பாரசீக அரசன் அர்தசஷ்டா எருசலேமை மீட்டுக் கட்ட ஆணையிட்ட கி.மு. 457இல் கணக்கு தொடங்குகிறது. சுத்திகரிக்கப்படப்போவது இந்தப் பூமி. சுத்திகரிக்கப்போவது கிறிஸ்துவின் வருகை. 2300இலிருந்து 457ஐக் கழித்தால் 1843. கிறிஸ்து வரவிருப்பது ஏறத்தாழ 1843இல்.

மில்லர் அறியாமையில் கிடந்தவர் அல்லர். 1818லேயே இந்த முடிவுக்கு வந்தவர், தன் கணக்குக்கு என்னென்ன மறுப்புகள் வரக்கூடும் என்று தானே தேடித் தேடி விடை எழுதிக்கொண்டு, 1831 வரை பொதுமேடை ஏறாமல் இருந்தார். அறிஞர்களின் மறுப்பும் வராமலில்லை. ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் மோசஸ் ஸ்டூவர்ட் 1842இல் எழுதிய நூலில், அந்த 2300 நாட்கள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகஸ் மன்னன் எருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்திய காலத்தையே குறிக்கும், எதிர்காலத்தை அல்ல என்று வாதிட்டார். இன்றைய விவிலிய ஆய்வும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கிறது. மில்லரின் தரப்பும் பதில் எழுதியது. வாதத்துக்கு வாதம் என்று நடந்த அந்த நூல்களைப் பார்க்கும்போது, இங்கே பகுத்தறிவு இல்லாமல் போகவில்லை என்பது புலப்படும். தொடக்கக் கருத்து ஒன்றைக் காப்பதற்காகப் பகுத்தறிவு கடுமையாக உழைத்துக்கொண்டிருந்தது.

1840 முதல் பாஸ்டன் போதகர் ஜாஷுவா ஹைம்ஸ் இந்தச் செய்தியைப் பேரியக்கமாக்கினார். பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள், மிருகங்களும் ஆண்டுகளும் வரையப்பட்ட பெரிய துணிப் படங்கள், ஆயிரக்கணக்கானோர் கூடும் கூடாரக் கூட்டங்கள் என்று அது பரவியது. நம்பியவர்களின் எண்ணிக்கையை ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை மதிப்பிடுகிறார்கள்.

1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரையிலான ஆண்டுக்குள் வருகை நிகழும் என்று மில்லர் வரையறுத்திருந்தார். அந்த ஆண்டு கடந்தது. மே மாதத்தில் அவர் தன் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு எழுதினார். இயக்கம் தளர்ந்தது, ஆனால் கலையவில்லை. மணவாளன் வரத் தாமதித்த பத்துக் கன்னிகைகளின் உவமையைச் சுட்டி, இது தாமத காலம் என்றார்கள். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது, ஆகவே கணக்கு 1844இல்தான் முடியும் என்ற திருத்தமும் வந்தது. ஆகஸ்டில், நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸெட்டரில் நடந்த கூடாரக் கூட்டத்தில், சாமுவேல் ஸ்னோ என்பவர் நாளையே குறித்தார். யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான ஏழாம் மாதம் பத்தாம் தேதியில், அதாவது காரைட் என்ற யூதப் பிரிவினரின் நாட்காட்டிப்படி அக்டோபர் 22இல், பிரதான ஆசாரியராகிய கிறிஸ்து வெளிப்படுவார் என்றார்.

இந்த நாளைத் தலைவர்கள் மேலிருந்து திணிக்கவில்லை. மில்லர் தயங்கினார், அக்டோபர் 6ஆம் தேதிதான் ஏற்றுக்கொண்டார். ஹைம்ஸும் கடைசி வாரங்களில்தான் இணங்கினார். கீழே மக்களிடையே எழுந்த வேகத்தைக் கண்டு, இது இறைவனின் செயலன்றி வேறென்ன என்று தலைவர்கள் நம்பினார்கள். ஒருவர் நம்புவதே மற்றவருக்குச் சான்றாகிப்போனது. சான்றுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவைப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். கூட்டாக வாழும் மனிதனுக்குத் தான் மதிக்கும் ஒருவர் தன் பயிரை அறுக்காமல் விடுவதும் ஒரு சான்றே.

3. அக்டோபர் 23

வயல்களில் பயிர் நின்றது. பிலடெல்பியாவில் ஒரு கடைக்காரர், ராஜாதி ராஜாவின் வருகையை முன்னிட்டுக் கடை அடைக்கப்பட்டதாக அட்டை எழுதி மாட்டினார். நம்பியவர்கள் வெள்ளை அங்கி தைத்து உடுத்திக் கூரைமேல் ஏறி நின்றார்கள் என்ற கதை அமெரிக்காவில் நெடுங்காலம் உலவியது. அந்தக் கதையை, மில்லர் இயக்கத்திலிருந்து பின்னர் பிறந்த அட்வென்டிஸ்ட் சபையின் வரலாற்றாசிரியர் எஃப்.டி. நிக்கல் 1944இல் வெளியிட்ட நூலில் ஆதாரம் ஆதாரமாக எடுத்துப் பரிசோதித்து, அதற்கு நம்பகமான சாட்சியம் இல்லை என்று காட்டினார். அவர் தன் முன்னோருக்காக வாதாடுகிறவர் என்பதை மனத்தில் வைத்துப் படித்தாலும் அந்த மறுப்பு நிற்கிறது. வீடுகளிலும் சபைக் கூடங்களிலும் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே ஆவணங்கள் தரும் சித்திரம்.

அந்த இரவின் கனத்தை உணர சார்ல்ஸ் ஃபிட்சை நினைக்க வேண்டும். இயக்கத்தின் ஆற்றல்மிக்க போதகர்களில் ஒருவர், அந்தத் துணிப் படத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். அக்டோபர் 14ஆம் தேதி பஃபலோ நகரில் நோயுற்று இறந்தார். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது எட்டு நாள் பிரிவு. 22ஆம் தேதி அவர் உயிர்த்தெழுந்து வருவார். 23ஆம் தேதி காலையில் அந்தக் குடும்பத்துக்கு முன்னே நின்றதைத் தீர்க்கதரிசனக் கணக்கின் பிழை என்று மட்டும் சொல்ல முடியாது. அந்தக் கணக்குக்குள் அவர்களுடைய இறந்த மனிதர் இருந்தார். கணக்கைக் கைவிட வேண்டுமானால் அவரையும் இரண்டாம் முறை இழக்க வேண்டும். ‘ஏன் விடுவதில்லை’ என்று வெளியிலிருந்து கேட்பவர்கள், விடவேண்டிய பொருளுக்குள் என்னென்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது மிகக் குறைவு.

அந்தக் காலைக்குப் பிறகு இயக்கம் பல வழிகளில் பிரிந்தது. பெரும்பகுதியினர் மெல்ல விலகிப் பழைய சபைகளுக்கோ, சபையே இல்லாத வாழ்வுக்கோ போனார்கள். மில்லரும் ஹைம்ஸும் 1845 ஏப்ரலில் ஆல்பனியில் ஒரு மாநாடு கூட்டி, வருகை அண்மையில் இருக்கிறது, ஆனால் நாள் குறிப்பதில்லை என்ற நிலைக்கு வந்தார்கள். வேறு சிலர் கிறிஸ்து அன்றே வந்துவிட்டார், ஆனால் ஆவியில், உள்ளத்தில் வந்தார் என்றார்கள். இவர்களில் பலர், ஒரு பத்திரிகை ஆசிரியர் உட்பட, ஷேக்கர் என்ற சமயக் குழுவின் சமூகங்களில் போய்ச் சேர்ந்தனர்.

நான்காவது வழியே வரலாற்றில் பெரிதாக வளர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் போர்ட் கிப்சனில் ஹைரம் எட்சன் என்ற விவசாயியும் நண்பர்களும் விடியும்வரை அழுதார்கள். காலையில், மனமுடைந்த மற்றவர்களைத் தேற்றப் புறப்பட்ட எட்சன், ஒரு நண்பரோடு சோள வயலின் குறுக்கே நடந்துபோகையில் ஒரு தெளிவு கிடைத்ததாகப் பின்னாளில் எழுதினார். நாள் சரிதான், நடந்ததைத்தான் தவறாக எதிர்பார்த்தோம். சுத்திகரிக்கப்பட வேண்டிய ஸ்தலம் பூமி அல்ல, பரலோகத்தில் உள்ள பரிசுத்த ஸ்தலம். கிறிஸ்து அக்டோபர் 22இல் அதன் உட்பகுதிக்குள் நுழைந்தார். நண்பர்களோடு விவிலியத்தை மீண்டும் புரட்டி இதை விளக்கமாக்கி, 1846 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். எல்லன் ஹார்மன் என்ற பதினேழு வயதுப் பெண் 1844 டிசம்பரில் கண்ட தரிசனமும், சனிக்கிழமை ஓய்வுநாள் என்ற போதனையும் இதனோடு சேர்ந்தன. 1863இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை முறையாக அமைந்தபோது உறுப்பினர் 3,500 பேர். இன்று உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேல்.

நம் மண்ணுக்கும் இதன் கிளை வந்தது. திருநெல்வேலிச் சீமையில் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 1857இல் மிஷனரிகளிடமிருந்து பிரிந்து தொடங்கிய இந்துக் கிறிஸ்தவ சபையினர், அட்வென்டிஸ்ட்டுகளைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே, தாங்களாகவே விவிலியத்தைப் படித்துச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டிருந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் நாசரேத் பக்கத்துப் பிரகாசபுரத்துக்கு வந்தபோது இரு மரபுகளும் சந்தித்தன.

4. ஃபெஸ்டிங்கரின் விளக்கமும் அதன் தள்ளாட்டமும்

இத்தகைய நிகழ்வுகளுக்கு மிகப் புகழ்பெற்ற விளக்கம் லியோன் ஃபெஸ்டிங்கருடையது. 1954இல் சிகாகோ புறநகரான ஓக் பார்க்கில் டாரதி மார்ட்டின் என்ற இல்லத்தரசி, வேற்றுலகத்தவரிடமிருந்து செய்தி பெறுவதாகவும், டிசம்பர் 21இல் பெருவெள்ளம் வரும், நம்புகிறவர்களை விண்கலம் மீட்கும் என்றும் அறிவித்தார். ஃபெஸ்டிங்கரும் ஹென்றி ரீக்கன், ஸ்டான்லி ஷாக்டர் ஆகியோரும் தங்கள் ஆட்களை நம்பிக்கையாளர்களைப் போல அந்தக் குழுவுக்குள் அனுப்பினார்கள். வெள்ளமும் வரவில்லை, விண்கலமும் வரவில்லை. ஆராய்ச்சியாளர்கள் 1956இல் வெளியிட்ட நூலின் முடிவு இது: ஆழமாக நம்பி, அதற்காகத் திரும்பப்பெற முடியாதவற்றை இழந்து, கூட நிற்கத் தோழர்களும் உள்ளவர்கள், நம்பிக்கை பொய்த்ததும் அதைக் கைவிடுவதில்லை, மாறாக அதை மற்றவரிடம் பரப்பத் தொடங்குவார்கள். ‘அறிதல் முரண்’ என்ற கோட்பாடு இங்கிருந்து புகழ்பெற்றது. நூலின் தொடக்கத்திலேயே மில்லர் இயக்கம் முன்னுதாரணமாகக் காட்டப்பட்டது.

இந்த விளக்கத்தின் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதன் அடித்தளம் பல இடங்களில் ஆட்டம் கண்டிருக்கிறது. ஜேன் ஹார்டிக்கும் மார்சியா பிரேடனும் 1962இல் வெளியிட்ட ஆய்வு, அணுப்போரை எதிர்நோக்கி நிலவறைகளில் 42 நாட்கள் தங்கியிருந்த ஒரு பெந்தெகோஸ்தே குழுவைப் பற்றியது. ஃபெஸ்டிங்கர் சொன்ன நிபந்தனைகள் ஏறத்தாழ எல்லாம் அங்கே இருந்தன. வெளியே வந்தவர்கள் நம்பிக்கையை விடவில்லை, ஆனால் பரப்பவும் புறப்படவில்லை. 2025இல் தாமஸ் கெல்லி, ஃபெஸ்டிங்கரின் ஆவணங்களையே மீண்டும் படித்து எழுதிய கட்டுரை இன்னும் கடுமையானது. அந்தக் குழு நாள் பொய்ப்பதற்கு முன்பே தன் செய்தியைப் பரப்பிக்கொண்டிருந்தது, பிறகு உறுப்பினர்கள் விரைவிலேயே விலகினார்கள், உள்ளே நுழைந்த ஆராய்ச்சியாளர்களே குழுவின் போக்கைத் திருப்பினார்கள் என்று அவர் காட்டுகிறார். சிறு குழு ஒன்றில் கணிசமானோர் வேடமிட்ட ஆய்வாளர்களாக இருந்தால், அவர்கள் பார்த்தது யாருடைய நம்பிக்கையை என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

மில்லர் இயக்கத்தையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். வசந்தத்தில் ஆண்டு பொய்த்தபின் கோடையில் பரப்புரை பெருகியது உண்மை. அந்த அளவில் ஃபெஸ்டிங்கர் சொல்வது பொருந்துகிறது. அக்டோபருக்குப் பின்? பின்னாளில் இரண்டு கோடியாக வளர்ந்த அதே கிளையினர், மணவாளன் உள்ளே போனதும் கதவு அடைக்கப்பட்டது என்ற உவமையைத் தங்களுக்கும் பொருத்திக்கொண்டு, வெளியுலகத்துக்கு இரட்சிப்பின் கதவு மூடப்பட்டுவிட்டது என்று 1850களின் தொடக்கம் வரை நம்பினார்கள். அன்று ஏமாற்றத்தைப் பகிர்ந்துகொண்டவர்களிடம் மட்டுமே பேசினார்கள். ஏமாற்றத்துக்கு மருந்தாகப் பரப்புரை அங்கே வரவில்லை. வாய்மூடி உள்ளே திரும்புவதே வந்தது. உலகளாவிய ஊழியம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, புதிய தலைமுறையோடும் நிறுவனங்களோடும் வந்தது. அதை 1844இன் மனக்காயத்தால் விளக்க முடியாது.

ஃபெஸ்டிங்கருக்கு ஆதரவான சான்றும் இருக்கிறது, அதை மறைக்கலாகாது. டேனியல் பாட்சன் 1975இல் வெளியிட்ட சோதனையில், தேவாலயம் சார்ந்த இளம்பெண்களை முதலில் தங்கள் நம்பிக்கையை வெளிப்படையாக அறிவிக்கச் செய்தார்கள். பின்னர் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் புனைவு என்று நிறுவும் செய்திக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தார்கள். நம்பிக்கையாளர்களில் அக்கட்டுரையை உண்மையென ஏற்றவர்களிடமே நம்பிக்கை கூடியது. வியப்பூட்டும் முடிவுதான். ஆனால் அது ஒரே அமர்வில், வினாத்தாளில், தோழிகளின் நடுவே அளக்கப்பட்டது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அந்தப் பெண்களின் உள்ளத்தில் அந்தக் கட்டுரை என்ன செய்தது என்பதை அத்தகைய சோதனை அறிய முடியாது. சமய நம்பிக்கை மாறும் கால அளவு ஆண்டுகளால் ஆனது. மணிநேரத்தில் அளப்பவருக்கு அது அசையாததாகவே தோன்றும்.

கோர்டன் மெல்டன் 1985இல் முன்வைத்த மறுப்பு எனக்கு இவற்றினும் ஆழமாகப் படுகிறது. நாள் குறிக்கும் குழுக்களை வெளியாட்கள் அந்த நாளாக மட்டுமே பார்க்கிறார்கள். உள்ளிருப்பவருக்கோ அது ஒரு பெரிய அண்டக் காட்சியின் ஒரு முனை. பாட்டும் ஜெபமும் உணவு முறையும் திருமணமும் பிள்ளை வளர்ப்பும் அந்தக் காட்சிக்குள் நடக்கின்றன. ஒரு முனை முறிந்தால், முறிந்த முனையைச் சீவிவிட்டு மற்றவற்றைத் தொடர்வது அவர்களுக்கு இயல்பு. இதற்குப் பிற்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஹசிதிய யூதரான லுபாவிச் இயக்கத்தவரில் பலர், தங்கள் குரு மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சனே மெசியா என்று நம்பியிருந்தார்கள். அவர் 1994 ஜூன் மாதம் மறைந்தார். இயக்கம் குலையவில்லை, அவருக்குப் பின் வேறு குருவும் வரவில்லை. அவர் உலகெங்கும் அனுப்பிய ஊழியர்களின் பள்ளிகளும் இல்லங்களும் மேலும் பெருகின. அந்த இல்லங்களில் சப்பாத் விளக்கு ஏற்றுவதற்கு, குரு மெசியாவா இல்லையா என்ற வழக்கு தீர வேண்டியிருக்கவில்லை.

5. ஹாம்பர்க் பீப்பாய்கள்

‘பிடித்துக்கொள்ளுதல்’ என்பது உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு, நான் அறிந்த சாட்சியங்களில் மிகத் துல்லியமானது பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்மிர்னாவில் பிறந்த சபதாய் செவியை, 1665இல் காசாவின் நாதன் என்பவர் மெசியா என்று அறிவித்தார். செய்தி ஐரோப்பாவின் யூதக் குடியிருப்புகள் அனைத்தையும் உலுக்கியது. புனித பூமிக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டதென்று மக்கள் வீடு வாசலை விற்றார்கள். 1666 செப்டம்பரில், துருக்கிய சுல்தானின் முன் நிறுத்தப்பட்ட சபதாய் இஸ்லாத்தைத் தழுவினார். ஒரு மெசியாவுக்கு எதிராக இதைவிடக் கடுமையான சான்றைக் கற்பனை செய்வதும் கடினம்.

ஹாம்பர்க்கில் வாழ்ந்த குளுக்கெல் என்ற வணிகப் பெண்மணி, கணவரை இழந்த பிறகு தன் பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கிய வாழ்க்கைக் குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய மாமனார் ஹாமெல்னில் இருந்த வீட்டையும் பொருளையும் விட்டு ஹில்டஸ்ஹைமுக்குப் பெயர்ந்தார். ஹாம்பர்க்கிலிருந்து கப்பல் ஏறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பெரிய பீப்பாய்களை அனுப்பிவைத்தார். அவற்றில் துணிமணிகளோடு பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி, உலர்ந்த பழம் எனக் கெட்டுப்போகாத உணவெல்லாம் அடுக்கப்பட்டிருந்தது. ஓராண்டுக்கு மேல் அவை அப்படியே கிடந்தன. பிறகு இறைச்சி கெட்டுத் துணியையும் கெடுத்துவிடுமோ என்று அஞ்சி, பீப்பாயைத் திறந்து உணவை மட்டும் எடுத்துவிடும்படி கடிதம் வந்தது. எடுத்தார்கள். துணி இருந்த பீப்பாய்கள் இன்னும் மூன்று ஆண்டுகள் அங்கேயே நின்றன. எந்த நேரத்திலும் புறப்பட வேண்டியிருக்கும் என்று அந்த முதியவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் நம்பிக்கையை விட்டாரா, விடவில்லையா? வினாத்தாளில் கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்திருக்கும். அவருடைய செயல் அதைவிட நுணுக்கமானது. எதை வைத்தால் கெடுமோ அதை வெளியே எடுத்தார். எதை வைத்தால் செலவில்லையோ அதை வைத்துக்கொண்டார். சான்று அவரைத் தொடாமல் இல்லை; உணவை எடுக்கச் சொன்ன கடிதமே சான்று தொட்டதன் அடையாளம். எட்சனும் நண்பர்களும் செய்ததும் இதுவேதான். பூமியில் காணக்கூடிய நிகழ்வைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், தேதியை வைத்துக்கொண்டார்கள். அந்தச் செயலுக்குப் பின் அக்டோபர் 22 யாராலும் பொய்ப்பிக்க இயலாத நாளாயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவர் இதைச் சான்றை மறுத்தல் என்கிறார். நான் இதைச் சான்றுக்குக் கொடுத்த இடம் என்றே கருதுகிறேன், அந்த இடம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும். நம்பிக்கை அப்படியே நிற்கவில்லை. சோதிக்கத்தக்க பகுதி உதிர்ந்தது.

சபதாயின் பின்னால் சென்றவர்களில் பெரும்பாலோர் சத்தமின்றி வழக்கமான வாழ்வுக்குத் திரும்பினார்கள். சில ஊர்களில் சமூகப் பதிவேடுகளிலிருந்து அந்த ஆண்டின் பக்கங்களே நீக்கப்பட்டன. எஞ்சியவர்களோ, மெசியா தீமையின் ஆழத்துக்குள் இறங்கியே ஒளியை மீட்க வேண்டும் என்ற நாதனின் விளக்கத்தைப் பற்றிக்கொண்டு, நூல் எழுதினார்கள், வம்சமாகத் தொடர்ந்தார்கள். சலோனிக்காவின் டோன்மே சமூகம் அப்படி நிலைத்தது. இதனால் ஆய்வாளருக்கு ஒரு பெரும் இடர் நேர்கிறது. விட்டவர்கள் வெட்கத்தோடு மௌனமானார்கள், அல்லது தடயத்தை அழித்தார்கள். பிடித்துக்கொண்டவர்கள் ஏடுகளை விட்டுச் சென்றார்கள். ஏடுகளை மட்டும் படிக்கும் நாம், மனிதர்கள் விடுவதே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். மில்லரின் ஐம்பதாயிரம் பேரில் 1863இல் ஏழாம் நாள் சபையில் இருந்தது 3,500 பேர், அவர்களிலும் பலர் 1844க்குப் பின் வந்தவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பது தெரியும்.

6. திரும்பிப் போகும் வழி

அப்படியானால் ஒரே இரவில் ஒரே ஏமாற்றத்தைச் சந்தித்தவர்களில் ஒருவர் விலகுவதும் ஒருவர் தங்குவதும் எதனால்? தனிமனித இயல்புகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆவணங்களில் மீண்டும் மீண்டும் கண்ணில் படுவது வேறொன்று.

1843இல் சார்ல்ஸ் ஃபிட்ச், பழைய சபைகள் அனைத்தும் பாபிலோன், அவற்றைவிட்டு வெளியேறுங்கள் என்று போதித்தார். பழைய சபைகளும் சும்மா இருக்கவில்லை. எல்லன் ஹார்மனின் குடும்பத்தை, மில்லரின் போதனையை ஏற்றதற்காக, போர்ட்லண்டிலிருந்த அவர்களுடைய மெதடிஸ்டு சபை அதே ஆண்டில் நீக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அந்தக் குடும்பத்துக்குத் திரும்பிப் போக ஆலயமே இல்லை. ஊரிலோ கேலி காத்திருந்தது, ‘இன்னும் மேலே போகவில்லையா’ என்று தெருவில் கேட்டார்கள். சில இடங்களில் கும்பல்கள் அவர்களுடைய கூட்ட இடங்களைத் தாக்கின. தவறு செய்தேன் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போவதைவிட, தன்னோடு விடிய விடிய அழுதவர்களின் நடுவே இருந்து விவிலியத்தை மீண்டும் திறப்பது எந்த மனிதருக்கும் எளிது. தீவிர சபதாயிகளும் இப்படித்தான் ரபிகளின் விலக்கத்துக்கு ஆளாகி, தங்களுக்குள்ளேயே மணந்து, தனிச் சமூகமானார்கள்.

திரும்ப இடமிருந்தவரின் கதைக்கு ஜாஷுவா ஹைம்ஸைப் பார்க்கலாம். இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் அவரே. மக்கள் பணத்தைச் சுருட்டினார் என்ற குற்றச்சாட்டையும் அவரே சுமந்தார், கணக்கை வெளியிட்டுப் பதில் சொன்னார். நாள் பொய்த்ததை ஒப்புக்கொண்டார், ஏமாந்து வறுமைக்குள்ளானவர்களுக்கு நிதி திரட்டினார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெவ்வேறு அட்வென்டிஸ்ட் அமைப்புகளில் இருந்தார். எழுபது வயதுக்குப் பிறகு, தன் தந்தையின் சபையான எபிஸ்கோப்பல் சபைக்குத் திரும்பி அங்கே குருப்பட்டம் பெற்றார். டக்கோட்டாவில் ஒரு சிற்றூர் ஆலயத்தில் 1895இல் இறக்கும்வரை பணிசெய்தார். இறுதிக் காலத்திலும் கிறிஸ்துவின் வருகை அண்மையில் இருக்கிறது என்ற எதிர்பார்ப்பை அவர் விடவில்லை. தேதியையும் கணக்கையும் விட்டவர், தந்தையின் சபை ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்கு எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டார். அந்தச் சபை அவரிடம் பழைய பிழைக்காக மண்டியிடச் சொல்லவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் உண்டு. கேலிக்கு ஆளாகியும், சபையிலிருந்து நீக்கப்பட்டும், எல்லாவற்றையும் துறந்து நாத்திகத்துக்குப் போனவர்கள் எல்லாச் சமயங்களிலும் இருக்கிறார்கள். அக்டோபர் 22ஆம் நாளைக் குறித்த ஸ்னோவோ தன்னையே தீர்க்கதரிசி எலியா என்று அறிவித்துக்கொண்டு தனியே போனார். போக இடம் இருப்பது மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஆனால் அறியாமை, அச்சம், மன முரண் என்ற மூன்றைவிட, யார் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அது கூடுதலாக விளக்குகிறது.

நம் பகுத்தறிவு மரபுக்கும் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. கேரளத்தில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடியற்ற சூழலில் தெய்வ சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று 1963இல் அறைகூவல் விடுத்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தத் தொகையை யாரும் வெல்லவில்லை. சாமியார்களின் ஏமாற்று வித்தைகளை அம்பலப்படுத்தியதில் அந்தப் பணி மகத்தானது. அதனால் எத்தனையோ குடும்பங்கள் பொருளையும் உயிரையும் இழக்காமல் தப்பின. கோவூரிடம் இன்னொரு முகமும் இருந்தது. பேய் பிடித்ததாகச் சொல்லி அழைத்துவரப்பட்டவர்களோடு உட்கார்ந்து, அந்த வீட்டில் யாருக்கு யார்மேல் பயம், எந்தத் திருமணம் கட்டாயப்படுத்தப்படுகிறது என்று விசாரித்து, அந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்த பிறகே பேய் இல்லை என்பதை அவர்கள் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவந்தார். அறைகூவலைப் பற்றிப் பேசும் நம் கூட்டங்களில் அந்த விசாரணைகள் மிகக் குறைவாகவே பேசப்படுகின்றன. அவருடைய நோயாளிகள் பேயை விட்டது எப்போது, எந்த மாற்றத்துக்குப் பிறகு என்று அந்தக் குறிப்புகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்தால், மில்லர் இயக்கத்தைப் பற்றிய இந்த வாதத்தை நம் மண்ணின் தரவுகளைக் கொண்டே சோதிக்க முடியும்.